கரிச்சான் சொல்லாத செய்தி

ஒரு காட்டில் செம்மண் மேடு ஒன்று இருந்தது. மேடு முழுக்க வளைகள். முயல்களும் வெள்ளெலிகளும் முள்ளம்பன்றிகளும் அவற்றில் குடியிருந்தன.

அந்த மேட்டில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல வளை தோண்டக் கற்றவர் அந்த வித்தையை ஒளிக்கக் கூடாது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், அதைப் போலவே தோண்டிக்கொள்ளலாம், பழுது கண்டால் திருத்தலாம். இப்படிப் பலர் கை பட்டுத்தான் எந்த மழைக்கும் ஒழுகாத வளை அங்கே உருவாயிற்று.

குறை ஒன்றுதான். எங்கே மண் சரிந்தது, யாருக்கு உதவி வேண்டும் என்று சொல்ல ஒவ்வொரு முறையும் வெளியே ஓட வேண்டியிருந்தது. வெளியே நரி இருந்தது.

"ஓடி ஓடிச் சாக முடியாது. சேதி சொல்ல ஒரு வழி வேண்டும்" என்று எல்லாம் ஒன்றுகூடின.

முதலில் மயில் வந்தது. "என்னிடம் விடுங்கள். ஒரே ஒரு அகவல், காடு முழுக்கக் கேட்கும்."

"அதுதான் எங்கள் பயமும்" என்றது வெள்ளெலி.

அடுத்துக் கரிச்சான் குருவி வந்து தன் இரட்டை வாலை ஆட்டியது. "நான் பறந்து போய் உரியவர் காதில் மட்டும் சொல்வேன். கூலி வேண்டாம். என் அலகை ஒடித்தாலும் ஒரு சொல் வெளியே வராது."

எல்லாருக்கும் பிடித்துப் போயிற்று. சடைச்சி என்ற முள்ளம்பன்றி மட்டும் முகம் கொடுக்கவில்லை. சடைச்சிக்கு ஒன்று மனதில் பட்டுவிட்டால் லேசில் விடாது.

"கூலி இல்லாமல் யாராவது நாள் முழுக்கப் பறப்பார்களா?"

"நல்ல மனசு இருக்கக் கூடாதா அக்கா? எல்லாருக்கும் உன்னைப் போல உடம்பெல்லாம் முள்ளா?" என்றது முயல். மேடே சிரித்தது.

சிரிப்பு அடங்கும்வரை சடைச்சி காத்திருந்தது. "நமக்கு அடியில் இச்சி மரத்தின் வேர் ஓடுகிறது. ஒவ்வொரு வளையிலிருந்தும் வேர்வரை தோண்டுவோம். வேரில் தட்டினால் பக்கத்து வளைக்குக் கேட்கும். அங்கிருப்பவர் அடுத்த வளைக்குத் தட்டட்டும். மேலே இருப்பவருக்கு எதுவும் தெரியாது."

"அவ்வளவு ஆழமா? நகம் தேய்ந்துவிடும்" என்றது வெள்ளெலி.

"அதோடு, நம் வேலையே ஒளிவு மறைவில்லாத வேலை. பேச்சுக்கு மட்டும் எதற்கு மூடு திரை?" என்றது முயல்.

"வளை தோண்டும் வித்தையைக் காடே கற்றுக்கொள்ளட்டும். எந்த வளையில் குட்டி தூங்குகிறது என்பதும் காட்டுக்குத் தெரிய வேண்டுமா?"

ஆனாலும் அவ்வளவு ஆழம் தோண்ட யாருக்கும் மனம் வரவில்லை. கரிச்சானே போதும் என்று முடிவாயிற்று. சடைச்சி தன் வளைக்குள் இறங்கி, தன்னந்தனியாக வேரை நோக்கித் தோண்டத் தொடங்கியது.

சில காலம் எல்லாம் சுகமாகத்தான் போயிற்று. பிறகு வெள்ளெலி குட்டி போட்டது. அன்று கரிச்சானுக்கு ஓய்வே இல்லை. "தாய் நலமா?" "குட்டிகள் யார் சாயல்?" "பால் குடிக்கின்றனவா?" என்று எல்லா வளையிலிருந்தும் அந்த ஒரே வளைக்குச் சேதி பறந்தது.

மறுநாள் விடியலில் நரி வந்தது. வேறெங்கும் மோந்து பார்க்காமல் நேரே அந்த வளைக்குப் போயிற்று. வெள்ளெலி பின்வாசல் வழியே தப்பியது. குட்டிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"சத்தியமாக நான் எதையும் சொல்லவில்லை" என்று கரிச்சான் அழுதது. அழுகை பொய்யாகத் தெரியவில்லை. நரி மோப்பம் பிடித்திருக்கும் என்று எல்லாம் தேற்றிக்கொண்டன.

முயலுக்கு மட்டும் தேறவில்லை. அப்போது அது நிறைசூலி. மெல்ல நடந்து சடைச்சியின் வாசலுக்கு வந்தது. "அக்கா, எனக்கு நாள் நெருங்குகிறது. என் குட்டிகளையும் அப்படித் தின்றுவிடுமா?"

சடைச்சி மண்ணை உதறிக்கொண்டு மேலே வந்து கரிச்சானைக் கூப்பிட்டது.

"தம்பி, நரியை நீ பார்ப்பதுண்டா?"

"தினமும் பார்ப்பேன் அக்கா. அது தின்று போட்ட எலும்பில் ஈ மொய்க்கும். எனக்கு ஈ என்றால் உயிர். ஆனால் நீங்கள் என்ன பேசினீர்கள் என்று அது ஒருநாளும் கேட்டதில்லை."

"வேறு என்ன கேட்கும்?"

"பாவம், அக்கறையாக விசாரிக்கும். 'இன்றைக்கு அலைச்சல் அதிகமோ? எந்த வளைக்கு அடிக்கடி போனாய்?' என்று கேட்கும். இன்ன வளை என்பேன். அதில் என்ன சேதி இருக்கிறது?"

முயல் வாயைத் திறந்தது. சடைச்சி அதன் காலை மிதித்தது. "ஒன்றுமில்லை தம்பி. நீ போய் வா."

குருவி போனதும் சடைச்சி சொன்னது: "ஒரு வளைக்கு ஒரே நாளில் இத்தனை முறை குருவி போனால், அங்கே குட்டி பிறந்திருக்கும், அல்லது யாரோ நோயில் கிடப்பார்கள். இரண்டுமே ஓட முடியாத இரை. நரிக்குச் சொல் எதற்கு?"

"அந்தக் குருவியை இப்போதே விரட்டுவோம்."

"விரட்டினால், சேதி கிடைக்காத நரி நம் வாசலிலேயே படுத்துக்கொள்ளும். வேர்வரை தோண்ட நமக்கு அவகாசம் வேண்டும். நாளைக்கு எல்லாரும் குருவியிடம் சேதி கொடுங்கள். அத்தனையும் என் வளைக்கே வரட்டும்."

மறுநாள் சேதிகள் குவிந்தன. "சாப்பிட்டாயா?" "வெயில் எப்படி?" "நேற்றுக் கேட்டேனே, மறந்துவிட்டாயா?" "ஒன்றுமில்லை, சும்மாதான்." பறந்து பறந்து கரிச்சானுக்கு மூச்சு வாங்கியது.

"இந்த வளையில் அப்படி என்னதான் விசேஷம் அக்கா?"

"நாளைக்குத் தெரியும்" என்றது சடைச்சி.

மறுநாள் விடியலில் சடைச்சி வாசலுக்கு முதுகைக் காட்டி இருட்டில் படுத்திருந்தது. மேலே மண் உதிரும் சத்தம் கேட்டது. நரியின் மூச்சு வளைக்குள் சூடாக இறங்கியது. ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சடைச்சி கால்களை மண்ணில் ஊன்றி, முட்களை விரித்துக்கொண்டது.

நரி ஆசையோடு முகத்தை உள்ளே திணித்தது.

அப்புறம் காடு கேட்டது ஊளை அல்ல, கதறல். மூக்கிலும் நாக்கிலும் முள் தைக்க, நரி மேட்டை விட்டு ஓடியது.

"நான் ஒரு சொல்லும் சொல்லவில்லையே!" என்று கரிச்சான் பதறி வந்தது.

"தெரியும் தம்பி. நீ வாக்குத் தவறவில்லை. ஆனால் எங்களுக்கு அது போதாது. இனி நீ ஈ பிடிக்கப் போகலாம்."

அன்றே எல்லாம் மண்ணில் இறங்கின. வயிற்றுச் சுமையோடு முயல் மண்ணைத் தள்ளியது. வெள்ளெலி ஒரு வார்த்தை பேசாமல் தோண்டியது; அதன் நகத்தில் ரத்தம் கசிந்தது.

"குருவி என்றால் நொடியில் சேதி போய்ச் சேரும்" என்று யாரோ முனகினார்கள்.

"எங்கெல்லாம் போய்ச் சேரும்?" என்றது வெள்ளெலி.

கடைசி வளையும் வேரைத் தொட்ட பின் முயல் குட்டி போட்டது.

அதற்குள் நரியின் மூக்கும் ஆறியிருந்தது. அது கரிச்சானைத் தேடி வந்தது. "இன்றைக்கு எந்த வளைக்கு அலைச்சல்?"

"எந்த வளைக்கும் இல்லை. இப்போதெல்லாம் அங்கே யாரும் யாரோடும் பேசுவதில்லை போலிருக்கிறது."

நரி மேட்டில் ஏறி நின்று பார்த்தது. எல்லா வளைகளும் ஒன்றுபோல அமைதியாக இருந்தன. எதில் மூக்கை விடுவது? போன முறை பட்டது நினைவுக்கு வந்தது. வந்த வழியே திரும்பி நடந்தது.

அதன் காலடியில், வேரின் நீளத்துக்கும் தட்டுச் சத்தமாக, முயல் குட்டிகளுக்குப் பெயர் வைப்பதில் பெரும் சண்டை நடந்துகொண்டிருந்தது.

நீதி: என்ன பேசினோம் என்பதைக் காத்தால் மட்டும் போதாது, யாரோடு பேசினோம் என்பதையும் காக்கும் வழியில்தான் பேச வேண்டும்.