ஈயம் உறையும் நேரம்

“முன்னூறு ரூபா அயர்ன்ல இதுக்கு மேல என்ன வரும், அம்மிணி?” என்றாள் மயிலாத்தாள், ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் தன் அயர்னைக் காட்டி.

பூங்கோதை மேசைமேல் ஏழு போர்டுகளை வரிசையாக எடுத்து வைத்தாள்.

ஏழும் திரும்பி வந்தவை. தோட்டத்துக் கிணற்று மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் உதவும் சின்ன எலக்ட்ரானிக் போர்டுகள். மோட்டாரின் அதிர்வில் ஒவ்வொன்றிலும் ஏதோ ஓர் ஈயப் பற்று விட்டுப்போயிருந்தது.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. போர்டைச் செய்து முடித்தவர் அதன் ஓரத்தில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைக்க வேண்டும். கூட வேலை செய்யும் ஷம்ஷாத்துக்குப் பச்சை. பூங்கோதைக்கு நீலம். மயிலாத்தாளுக்குச் சிவப்பு.

ஏழிலும் சிவப்பு.

பட்டறை என்றால் கணபதிப் பகுதியில் ஒரு சிமென்ட் கடைக்கு மேலே ஒற்றை அறை. போர்டைக் கவ்விப் பிடிக்கத் துணி கிளிப்புகள். ஈயப் புகையை ஜன்னலுக்கு வெளியே தள்ள, பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய ஃபேன். பூதக்கண்ணாடிக்குப் பதிலாக, உடைந்த மேசை விளக்கின் தண்டில் கட்டிய செல்போன். பொடிப்பொடியான பாகங்களை மொத்தமாக ஒட்ட வைக்க மின் அடுப்பின்மேல் ஒரு தோசைக்கல். அது தோசையைக் கண்டதில்லை. இனியும் காணக் கூடாது என்று பூங்கோதை அதன் கைப்பிடியில் எழுதி ஒட்டியிருந்தாள்.

பூங்கோதைக்கு இருபத்தெட்டு வயது. வேலை கற்றுக்கொடுப்பவள் அவள்தான். கற்றுக்கொள்ள வந்த மயிலாத்தாளுக்கு ஐம்பது.

மில்லில் இருபத்திரண்டு வருஷம் அறுந்த இழையை ஒட்டிய கை மயிலாத்தாளுடையது. ஓடுகிற மெஷினுக்கே தெரியாமல் ஒட்டிவிடுவாள் என்று மில்லில் சொல்வார்கள். மில்லை மூடிவிட்டார்கள். நான்கு மாதமாக இங்கே.

இன்றைக்குப் பத்து போர்டு செய்து பாருங்கள், அவையும் இப்படியே இருந்தால் நாளையிலிருந்து பேக்கிங் மேசைக்குப் போய்விடுங்கள் என்று பூங்கோதை காலையிலேயே சொல்லியிருந்தாள். கோபமாகச் சொல்லவில்லை. மயிலாத்தாளுக்கு அதுதான் தாங்கவில்லை.

பேக்கிங் மேசையில் பெட்டியை மடிக்கலாம். ஸ்டிக்கர் ஒட்டலாம். அதற்கு ஏதோ ஒரு கை போதும்.

பூங்கோதை செல்போனுக்கு அடியில் ஒரு நீலப் பொட்டுப் போர்டையும் ஒரு சிவப்புப் பொட்டுப் போர்டையும் வைத்தாள்.

நீலத்தில் ஈயம் கம்பியைச் சுற்றி வழவழவென்று மினுங்கியது. சிவப்பில் சாம்பல் பூத்து, ரவையைத் தூவியதுபோல் இருந்தது.

“ஈயம் உறையறப்ப ஏதோ அசைச்சிருக்குது.”

“நான் அசைக்கல.”

பூங்கோதை தலையை ஆட்டினாள். நம்பி ஆட்டினாளா, சும்மா ஆட்டினாளா என்று தெரியவில்லை.

அப்படியானால் அயர்ன்தான் சரியில்லை என்றாள் மயிலாத்தாள். ஓசூரில் அவளுடைய தங்கை மகள் வேலை செய்யும் கம்பெனியில் கண்ணாடிக் கதவு வைத்த மெஷின் இருக்கிறதாம். போர்டு ஒரு பக்கம் போனால் மறுபக்கம் முடிந்து வருமாம். மனுஷர் மூச்சுக்கூட அதன்மேல் படாதாம்.

பூங்கோதை தன் அயர்னைக் கழற்றி அவளிடம் கொடுத்தாள். அதுவும் முன்னூறு ரூபாய்தான்.

மயிலாத்தாள் இரண்டு போர்டு செய்தாள். பூங்கோதை பக்கத்திலேயே நின்றாள். போர்டைப் பார்க்கவில்லை, மயிலாத்தாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டிலும் சாம்பல்.

மேசைதான் ஆடுகிறது, கீழே பஸ் போகும்போதெல்லாம் தன் கால்வரை தெரிகிறது என்றாள் மயிலாத்தாள்.

பூங்கோதை தன் இடத்தைக் காலி செய்து கொடுத்தாள். சுவரோடு ஒட்டிய மேசை. அசைத்தாலும் அசையாது.

இன்னும் இரண்டு போர்டு. சாம்பல்.

பூங்கோதை கீழே இறங்கிப் போனாள். அடுத்த தெருவில் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் செய்பவரிடமிருந்து ஒரு விலை உயர்ந்த அயர்னைக் கேட்டு வாங்கி வந்தாள். அதற்குத் தனிப் பெட்டி. பெட்டியில் பச்சை எழுத்தில் சூடு காட்டும் எண்.

“மாப்பிள்ள வந்துட்டாரு. அக்கா, எந்திரிச்சு வணக்கம் சொல்லுங்க” என்றாள் ஷம்ஷாத்.

மயிலாத்தாள் சிரிக்கவில்லை. புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முன்னூற்று நாற்பது என்று எண் நின்றது. கொஞ்சமும் கூடவில்லை, குறையவில்லை.

இரண்டு போர்டு செய்து முடித்து, தானே செல்போனுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தாள்.

வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு அந்த அயர்னை அணைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டாள்.

“என் கை போயிருச்சு. நேராச் சொல்லிரு, அம்மிணி.”

“கை நல்லாத்தான் இருக்குதுங்கக்கா.”

“அப்புறம்?”

பூங்கோதை எழுந்து போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

ஆறுதலுக்குக் கொடுக்கிறாள் என்று நினைத்து மயிலாத்தாள் பாதியைக் குடித்துவிட்டாள்.

“குடிக்கறதுக்கில்லீங்கக்கா. வாய் நெறைய வெச்சுக்கங்க. முழுங்காம பத்த வைங்க.”

இந்த யோசனை நான்கு மாதமாகத் தனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று ஷம்ஷாத் வருத்தப்பட்டாள்.

மயிலாத்தாளுக்கு முகம் சுட்டது. வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்பதைத்தான் இந்தப் பெண் இப்படிச் சொல்கிறாள். இருக்கட்டும். அதையும் பார்த்துவிடலாம்.

மிச்சத் தண்ணீரை வாயில் ஊற்றிக்கொண்டாள். கன்னம் இரண்டும் உப்பின. தன் பழைய அயர்னையே எடுத்தாள்.

ஏழாவது போர்டு. முதல் கம்பிக்கால்.

அயர்ன் முனையை வைத்தாள். சூடேறியதும் ஈயக் கம்பியைத் தொட வைத்தாள். ஈயம் உருகிக் காலைச் சுற்றி ஓடி நிறைந்தது. அயர்னை எடுத்தாள்.

தண்ணீர் பீய்ச்சி அடித்தது.

போர்டின்மேல், கிளிப்பின்மேல், செல்போன்மேல், குனிந்து பார்த்துக்கொண்டிருந்த பூங்கோதையின் மூக்குக்கண்ணாடிமேல். அயர்ன் முனை சுர்ரென்றது. ஷம்ஷாத் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

பூங்கோதை கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள்.

மயிலாத்தாளின் உதடுகள் இன்னும் குவிந்தே இருந்தன.

அவள் அவற்றை விரலால் தொட்டுப் பார்த்தாள். மூன்று பிள்ளைகளுக்குப் பால் ஆற்றியதும் சோறு ஆற்றியதும் அந்த வாய்தான். அவர்கள் விழுந்து வந்தபோது முட்டிக் காயத்தை ஊதியதும் அதுதான்.

“எல்லாத்துக்குமா ஊதறேன்?”

“ஒவ்வொண்ணுக்கும்.”

முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று கேட்டாள். பூங்கோதை மூன்று தடவை சொன்னாள், மூன்று தடவையும் ‘நான் எங்கே ஊதினேன்’ என்று சொல்லிவிட்டு அடுத்ததை ஊதினீர்கள் என்றாள் ஷம்ஷாத்.

மயிலாத்தாளுக்கு ஒரு தடவைகூட ஞாபகம் இல்லை.

நனைந்த போர்டைத் துடைத்து ஓரமாக வைத்தார்கள். மேசையைத் துடைத்தார்கள். அயர்ன் உலர்ந்தபின் ஷம்ஷாத் பிளக்கை மாட்டினாள். டம்ளரை மயிலாத்தாளே போய் நிரப்பிக்கொண்டு வந்தாள்.

எட்டாவது போர்டு.

ஈயம் உருகி ஓடியது. அயர்னை எடுத்தாள். வாய்க்குள் தண்ணீர் முன்னால் வந்து பல்லில் மோதியது. பிடித்துக்கொண்டாள்.

செல்போன் திரையில் ஈயம் கண்ணாடித் துளிபோல் ததும்பி நின்றது. ஓரத்திலிருந்து ஒரு மெல்லிய கோடு உள்ளே ஓடியது. பிறகு அடங்கியது.

மினுங்கியது.

நான்கு மாதத்தில் அவள் அதைப் பார்த்ததே இல்லை.

எட்டு, ஒன்பது, பத்து. மூன்று போர்டிலும் பூங்கோதை கரண்ட் கொடுத்து, ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் தட்டிப் பார்த்தாள். ஓரங்களில் தட்டினாள், நடுவில் தட்டினாள், கவிழ்த்துப் போட்டும் தட்டினாள். மூன்றிலும் விளக்கு சிமிட்டாமல் எரிந்தது.

பேக்கிங் மேசையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்குக் கொடுக்க வேண்டிய நாற்பதில் பாதியை, இன்னும் ஈயம் படாத வெறும் போர்டுகளை, அள்ளிக்கொண்டுவந்து மயிலாத்தாளுக்கு முன்னால் வைத்தாள்.

மயிலாத்தாள் வாயிலிருந்த தண்ணீரை விழுங்கினாள்.

“இது தானா ஆறறதுக்கு எத்தன நேரமாகும், அம்மிணி?”

“நீங்க ஊதற நேரந்தாங்கக்கா.”