குழாயைத் தட்டியபோது

குருவைவிடச் சீடர் இருபது வயது மூத்தவர். குரு நாச்சியார், ஏணி போட்டு ஏறிப் பார்க்க வேண்டிய பெரிய டெலஸ்கோப்பைத் தன் கையாலேயே செய்தவர். சீடர் தணிகைவேல், ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு.

அன்று கொல்லிமலையில் அவர்களும் வானம் பார்க்க வந்த குழுவும் தேடியது பால்வெளியின் ஓரத்தில், பல்லாயிரம் நட்சத்திரங்கள் பந்தாகத் திரண்ட ஒரு கொத்து. இங்கிருந்து பார்த்தால் கண்ணாடியில் ஊதிய மூச்சளவுக்குத்தான் தெரியும். நேராகப் பார்த்தால் அதுவும் தெரியாது. பார்வையைச் சற்றுத் தள்ளி வைத்துக் கடைக்கண்ணால் பிடிக்க வேண்டும்.

தணிகைவேலுக்குக் கண்ணில் நீரழுத்தம். அந்த நோய் முதலில் தின்பது கடைக்கண் பார்வையைத்தான். அடுத்த வருஷம் அது மிஞ்சாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழுவில் மற்ற எல்லோரும் கொத்தைப் பார்த்தாகிவிட்டது. மேற்கே மேகம் ஏறிக்கொண்டிருந்தது.

"தெரியுதும்மா," என்றார் ஏணி மேலிருந்து. "நடுவுல, மங்கலா."

நாச்சியார் டெலஸ்கோப்பின் குழாயை விரலால் லேசாகத் தட்டினார்.

"இப்போ?"

"அப்படியே இருக்கு."

"சுத்தி இருக்கற நட்சத்திரமெல்லாம்?"

"ஆடுது."

"அது ஆடலியா?"

தணிகைவேல் கண்ணை எடுத்துக் கசக்கிக்கொண்டார். வானத்தில் இருப்பதென்றால் மற்றவற்றோடு சேர்ந்து அதுவும் ஆட வேண்டும். ஆடாதது கண்ணுக்குள்ளேயே இருக்கும் மங்கல். மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆசைப்பட்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் நட்சத்திரக் கொத்து.

மறுபடி கண்ணை வைத்தார். மூச்சை அடக்கிப் பார்த்தார். ஓரத்து நட்சத்திரம் ஒன்றை மேகம் விழுங்கியது, பிறகு இன்னொன்றை.

"அம்மா," என்றார் தாழ்ந்த குரலில். "பாத்துட்டார்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். யாரும் மறுத்துப் பேச மாட்டாங்க."

"ஏணியில நிக்கறது நீங்கதானுங்க ஐயா."

கீழே காத்திருந்தவர்களில் ஒருவர் கேட்டார். "என்னங்கய்யா, கெடைச்சுதா?"

நாச்சியார் ஏணியை அண்ணாந்து பார்த்தார்.

தணிகைவேல் ஒவ்வொரு படியாக இறங்கினார். தரையில் கால் பட்டதும் சொன்னார்.

"இல்லைங்க. எனக்குத் தெரியலை."

மேகம் தலைக்கு மேல் வந்து நின்றது. அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குருவிடம் கேட்டார்.

"இத்தனை வருஷம் இந்த ஏணியில ஏறி எறங்கினேனே, என்னத்தம்மா கண்டேன்?"

நாச்சியார் டெலஸ்கோப்பை உறை போட்டு மூடினார்.

"பாத்தேன்னு இதுவரைக்கும் நீங்க சொன்னதையெல்லாம், ஐயா. அத்தனையும் இனி நாங்க நம்பலாமுங்க."