புல் மிஷினுக்குப் பொட்டு

கோத்தகிரிக்கு மேலே ஒரு சின்ன ஆசிரமம். அதன் முன்னால் அரை ஏக்கருக்குப் புல்வெளி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி முந்நூறு பேர் அதில் உட்கார்ந்து தியானம் செய்வார்கள். புல் கொஞ்சம் வளர்ந்துவிட்டால் போதும், அட்டை ஏறும். கண்ணை மூடிப் பரம்பொருளைத் தேடுகிறவர்கள் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். ஆகையால் அங்கே புல் வெட்டுவது சாதாரண வேலை இல்லை.

அந்த வேலைக்குப் பொறுப்பு பொன்னுரங்கம். மேட்டுப்பாளையம் பஸ் டிப்போவில் முப்பத்து நாலு வருஷம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஆசிரமத்தைச் சும்மா பார்க்க வந்தார். கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த, புல் வெட்டும் பெட்ரோல் மிஷின் கண்ணில் பட்டது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேலையில் இறங்கினார். மூன்றாம் நாள் மிஷின் ஓடியது, அவரும் ஊர் திரும்பவில்லை. "சாமியைத் தேடி வந்தனுங்க, மிஷின் புடிச்சு வெச்சுக்கிருச்சு" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்வார். கேட்காதவர்களிடமும் சொல்வார்.

குரு நித்தியவாணி அம்மாவுக்கு நாற்பத்து நாலு வயது. தன்னைவிட இருபத்தொரு வயது மூத்த சீடரைப் 'பொன்னுரங்கமய்யா' என்றுதான் கூப்பிடுவார்.

அந்தக் கார்த்திகையில் மிஷின் தகராறு பண்ண ஆரம்பித்தது. கிளம்பும், கால் மணி நேரம் ஓடும், இருமும், நின்றுவிடும். பொன்னுரங்கம் பிளக்கை மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். காற்று வடிகட்டியைத் தட்டிச் சுத்தம் செய்தார். ஒன்றும் பலிக்கவில்லை.

விஷயம் கேள்விப்பட்ட திருப்பூர்ப் பக்தர் ஒருவர் போன் செய்தார். புது மிஷின் அனுப்புகிறாராம். வருகிற வண்டியிலேயே பழசை ஏற்றிவிட்டால் காயலான் கடையில் போட்டுவிடுவாராம். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் வேண்டுமாம். காயலான் கடை என்ற சொல், தன்னையே தூக்கிப் போடச் சொன்ன மாதிரி பொன்னுரங்கத்துக்குச் சுருக்கென்று தைத்தது. இரண்டு நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் குருவின் முன்னால் போய் நின்றார்.

"அம்மா, ஒரே கேள்விங்க. பழுது பாக்கறதா, மாத்திப்போடறதா?"

"மிஷினுக்கு என்ன கோளாறு?"

"என்ர கை பட்டு ஓடாத வண்டின்னு ஒண்ணு கிடையாதுங்க. டிப்போவுல யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க."

"நான் கேட்டது மிஷினைப் பத்தி ஐயா."

பொன்னுரங்கம் தலையைச் சொறிந்தார்.

"வாங்க, ஓட்டிக் காட்டுங்க" என்று அம்மா எழுந்தார்.

மிஷின் புல்வெளிக்கு வந்தது. அதன் உச்சியில் பெட்ரோல் மூடி. மூடியின் மேல் விரல்கனத்துக்குச் சந்தனமும் குங்குமமும். வெள்ளிக்கிழமை தவறாமல், வெட்டி முடித்ததும் பொன்னுரங்கம் பொட்டு வைப்பார். தெய்வத்துக்கு வைத்ததைத் துடைக்க மனம் வராது, பழைய பொட்டின் மேலேயே புதுப்பொட்டு. மிஷின் நின்று நின்று போக ஆரம்பித்ததும் கண்ணேறு பட்டுவிட்டதென்று இரண்டு பங்காக அப்பினார்.

கயிற்றை இழுத்தார். மிஷின் கிளம்பியது. கால் மணி நேரத்தில் சவுக்கு மரத்தடியில் நின்றது. பொன்னுரங்கம் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். இருந்தது. மூடினார், இழுத்தார். உடனே ஓடியது.

"பாத்தீங்களா? நம்ம கைராசி!" என்று திரும்பிப் பார்த்துச் சிரித்தார். வாசல் வரை வெட்டிக்கொண்டு போவதற்குள் மிஷின் மறுபடி நின்றது.

"இந்தத் தடவை மூடியைத் திறக்காம இழுங்க" என்றார் அம்மா.

பத்து முறை இழுத்தார். மிஷின் கம்மென்று இருந்தது. பொன்னுரங்கத்துக்கு மூச்சு வாங்கியது.

"சூடாயிருச்சுங்க, அதான்."

"சரி, ஆறட்டும். சமையல்கட்டுல புது எண்ணெய் டின் உடைச்சிருக்காங்க. விளக்குக்குக் கொஞ்சம் ஊத்திக் கொண்டாங்க."

அம்மா முன்னால் நடந்து சமையல்கட்டுப் பக்கம் போனார். பொன்னுரங்கத்துக்கு மனசு கசந்தது. எஞ்சினையே பிரித்துக் கோத்தவனை எண்ணெய் ஊற்றச் சொல்கிறார்கள். கொஞ்ச நேரம் மிஷினையே வெறித்துவிட்டு முணுமுணுத்தபடி அவரும் போனார். அம்மா அதற்குள் வெளியேறியிருந்தார். சமையல் செய்யும் செண்பகவல்லி டின்னை நீட்டினாள். சாய்த்தார். களக் களக் என்று இரண்டு முறை கொட்டி, எண்ணெய் நின்றுபோனது.

பொன்னுரங்கத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "யாரும்மா இதுல தொளை போட்டது? ஒரே தொளைதான் இருக்குது! எதுத்தாப்பல இன்னொண்ணு போடோணும்னு தெரியாது? காத்து உள்ள போனாத்தான எண்ணெய் வெளிய வரும்?"

"அம்மாதான் இப்ப வந்து ஒண்ணே போதும்னாங்க" என்றாள் செண்பகவல்லி.

"அம்மாவுக்கு என்ன தெரியும்?" ஆணியை வைத்துச் சுத்தியலை ஓங்கினார்.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடினார். அறுபத்தைந்து வயது மனிதர் அப்படி ஓடி ஆசிரமத்தில் யாரும் பார்த்ததில்லை. மூடியைக் கழற்றித் திருப்புளியால் சுரண்டினார். குங்குமம், சந்தனம், குங்குமம், சந்தனம். ஏழு வருஷத்துப் பக்தி பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அடியில் ஒரு குண்டூசித் துளை. பெட்ரோல் தொட்டிக்குள் காற்றுப் போவதற்கென்றே வைத்த துளை. டிப்போவில் இளசுகளுக்கு வகுப்பெடுத்தபோது இதைத்தான் முதல் பாடமாகச் சொல்வார். சொல்லிக்கொடுத்தவரே கோட்டைவிட்டிருந்தார்.

ஊதினார். மாட்டினார். இழுத்தார். அரை ஏக்கரும் வெட்டி முடிகிறவரை மிஷின் ஒரு தடவைகூட இருமவில்லை.

அவர் உள்ளே வந்தபோது அம்மா திருப்பூருக்குப் பேசிக்கொண்டிருந்தார். "புது மிஷினைக் கீழ இருக்கற பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துருங்க. பிள்ளைங்க விளையாடற மைதானத்துக்கு ஆகும்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

பொன்னுரங்கம் உட்காரவில்லை.

"மிஷின்ல பழுது இல்லீங்கம்மா. என்ர பொட்டுதான் அடைச்சிருச்சு. அது இருக்கட்டுமுங்க. என்னைய மாத்திப்போடுங்க. வேற ஆளப் பாத்துக்கோங்க."

அம்மா பூஜையறைக்குப் போய்ச் சந்தனக் கிண்ணத்தை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை."

"வேண்டாமுங்க. பெருமையடிச்சது போதும்."

"செத்துக் கிடந்ததை எழுப்பி ஏழு வருஷம் ஓட்டியிருக்கீங்க. பெருமைப்படாம எப்படி? வாங்க."

இருவரும் புல்வெளிக்குப் போனார்கள். வெட்டிய புல்லின் வாசனை எங்கும் அடித்தது. பொன்னுரங்கம் விரலில் சந்தனத்தைத் தொட்டார். பழக்கத்தில் கை மூடிக்குப் போனது. அங்கேயே தயங்கி நின்றது.

"எங்கீங்கம்மா வைக்கறது?"

"மூச்சு விடற இடத்தை விட்டுட்டு, எங்க வேணா வையுங்க."