முக்கில் ஒரு கண்ணீர் அஞ்சலி

இருளப்ப சாமிக்கு நாற்பது வயது. அவருடைய சீடர் தனுஷ்கோடிக்கு ஐம்பத்தாறு. ஊரில் சிலர் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். தனுஷ்கோடி கண்டுகொண்டதில்லை. வியாழக்கிழமைதோறும் குளத்தங்கரை மடத்துக்குப் போவார், ஒரு கேள்வி கேட்பார், கிடைத்த பதிலோடு வீட்டுக்குத் திரும்புவார்.

அவர் நகராட்சியில் நகரமைப்பு ஆய்வாளர். எந்தப் பலகை, எந்தப் பேனர் எங்கே நிற்கலாம் என்று பார்ப்பது அவர் வேலை. எங்கள் ஊரில் அது லேசுப்பட்ட வேலை இல்லை. காது குத்துக்குப் பேனர், சடங்குக்குப் பேனர், பேனர் கட்டுகிறவன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கும் பேனர். எடுக்கச் சொன்னால் ஜென்மப் பகை.

அந்த மாதம் பள்ளிக்கூடத்து முக்கில் ஒரு கல்யாணப் பேனர் நின்றது. பன்னிரண்டு அடி உயரத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வருகிற வண்டி கண்ணுக்குத் தெரியாது. டவுன் பஸ் ஓட்டுநர் ஒருவர் அலுவலகத்துக்கே வந்து புலம்பினார்.

முக்கிலிருந்து இத்தனை அடிக்குள் எதையும் நிறுத்தக் கூடாது என்ற விதி தனுஷ்கோடிக்கு மனப்பாடம். ஆனால் மங்கல காரியம். பந்தக்கால் நட்ட வீடு. மணப்பெண்ணின் முகத்தைக் கிழித்து இறக்க அவருக்கு மனம் வரவில்லை. தாலி ஏறட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டுநரை அனுப்பிவிட்டார்.

தாலி ஏறுவதற்கு முதல் நாள் அந்த முக்கில் ஸ்கூட்டரில் திரும்பிய ஒரு பெண் தண்ணீர் லாரியில் அடிபட்டு அங்கேயே இறந்துபோனாள். பெயர் கீர்த்திகா. தனுஷ்கோடியின் ஒரே மகள்.

ஆறாம் நாள் காலையில் அவர் மடத்துக்கு வந்தார். தீட்டு வீட்டுக்காரர் உள்ளே வரலாமா என்று சமையல்காரர் முணுமுணுத்தார். சாமி திரும்பிப் பார்த்ததும் அவர் அடுப்படிக்குப் போய்விட்டார்.

தனுஷ்கோடி உட்காரவில்லை.

"சாமி, ஊருக்கு எதுக்கு இந்த விதியெல்லாம்? இங்கே வைக்காதே, அங்கே வைக்காதே, கேட்டுட்டு வை. முப்பது வருஷமா அதைத்தான் கட்டிக்கிட்டு அழுதேன். என் பிள்ளையை அது காப்பாத்தலையே."

சாமி கூரை இறவாணத்தில் செருகியிருந்த, வாழை இலை அறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டார். செருப்பை மாட்டினார்.

"வாங்க, நடந்துட்டு வருவோம்."

இருவரும் பள்ளிக்கூடத்து முக்குக்கு வந்தார்கள். அந்தப் பக்கம் போகும் தைரியம் ஆறு நாளாகத் தனுஷ்கோடிக்கு இல்லை. இப்போது பார்த்தார்.

கல்யாணப் பேனர் போயிருந்தது. அதே குழிகளில், அதே சவுக்குக் கம்புகளில் இன்னொரு பேனர் நின்றது. மேலே கண்ணீர் அஞ்சலி. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. நடுவில் கீர்த்திகா சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள், எல்லாம் அவருடைய அலுவலகத்து ஆட்கள். பேனர் பிடுங்கப் போகும் லாரியில் அவரோடு ஏறுகிறவர்கள். பாவம், அவர்களும் அழுதுகொண்டேதான் கட்டியிருப்பார்கள்.

தனுஷ்கோடி தோள் துண்டை வாயில் அழுத்திக்கொண்டார். மகளின் முகம் இத்தனை பெரிதாக அவர் பார்த்ததே இல்லை. முகவாய்க்கட்டையில் இருந்த சின்ன மச்சம்கூட ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தெரிந்தது.

சாமி அவரை ரோட்டு ஓரத்தில் நிறுத்தினார்.

"அந்தப் பக்கம் வண்டி வருதா, பாருங்க."

"என் பிள்ளை முகந்தான் தெரியுது சாமி."

சொல்லி வாய் மூடவில்லை, அந்த முகத்துக்குப் பின்னாலிருந்து டவுன் பஸ் வெளியே வந்தது. சாமி அவர் கையைப் பிடித்து இழுத்தார். பஸ் உரசிக்கொண்டு போனது. மணி எட்டரை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சைக்கிளில் வரத் தொடங்கியிருந்தார்கள்.

சாமி கத்தியை நீட்டினார்.

தனுஷ்கோடி வாங்கினார். பேனரைக் கம்போடு சேர்த்துக் கட்டியிருந்த கயிற்றில் வைத்தார். ஒரு இழுப்பில் அறுந்துவிடும் கயிறுதான். அவர் தலை மகளின் தோளுக்கு நேராக இருந்தது. கத்தியைக் கீழே இறக்கினார். மறுபடி வைத்தார், மறுபடி இறக்கினார்.

"என்னால முடியலை சாமி. பதினாறாம் நாள் காரியம் முடியட்டும். நானே பிரிச்சிடறேன்."

சைக்கிளில் வந்த இரண்டு பிள்ளைகள் பேசிக்கொண்டே அவர்களைக் கடந்து முக்கில் திரும்பினார்கள். பேனர் அவர்களை மறைத்தது. மணிச் சத்தம் மட்டும் கொஞ்ச தூரம் கேட்டது. அது தேயும் வரை சாமி காத்திருந்தார்.

"சந்தோஷத்துல கை வராது. துக்கத்துலயும் கை வராது. அதனாலதான் ஐயா, ரெண்டும் இல்லாத ஒரு நாள்ல உட்கார்ந்து அந்த விதியை எழுதி வெச்சாங்க."

தனுஷ்கோடி கத்தியைப் பிடித்தபடியே நின்றார். கயிற்றை அறுக்கவில்லை.