மீசை மட்டும் மிச்சம்

செம்பாறை நாட்டு மன்னர் திடவீர பூபதிக்குப் பட்டங்கள் முப்பத்திரண்டு. அவர் சபைக்கு வரும்போதெல்லாம் கட்டியக்காரன் இடும்பன் தடியைத் தரையில் தட்டி, அத்தனையையும் ஒன்றுவிடாமல் கூவியாக வேண்டும். கூவி முடிக்கும்வரை மன்னர் வாசற்படியில் மார்பை நிமிர்த்தியபடி நிற்பார். அதற்குள் ராணி ஒரு முழம் பூ தொடுத்துவிடுவாள். படைக்குத் தலைவரான தளவாய் செங்கோடர் நின்றபடியே ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்துவிடுவார்.

அந்த இடும்பன் ஒருநாள் காலை அரசவைப் புலவர் கூத்தபிரான் வீட்டு வாசலில் வந்து நின்றான். வாயைத் திறந்தான். வெறும் காற்றுதான் வந்தது.

"என்னடா இடும்பா, தொண்டை கட்டிவிட்டதா?"

"தங்கச்சி ஆற்றுத் திட்டில் நிற்கிறாள் ஐயா!"

விஷயம் இதுதான். கருமணியாற்றுக்கு அக்கரையில் நெடுங்கரை நாடு. அந்நாட்டு மன்னன் மயில் வளர்க்கத் தோட்டம் வேண்டுமென்று ஓர் ஊரையே கொளுத்திவிட்டான். தப்பிய பதினான்கு குடும்பங்கள் மூங்கில் தெப்பம் கட்டி, நடு ஆற்றில் இருந்த மணல்திட்டுவரை வந்துவிட்டன. இக்கரையில் தளவாயின் ஆட்கள் ஈட்டியை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மேற்கே மலையில் பலத்த மழை. பொழுது சாய்வதற்குள் திட்டு மூழ்கிவிடும்.

"என் தங்கை பேச்சியம்மை அந்த ஊரில் வாக்கப்பட்டவள் ஐயா. அவள்தான் எல்லாரையும் கூட்டி வந்திருக்கிறாள். 'அபயம் என்று வந்தவர்களை அந்த ராஜா கைவிடமாட்டார், என் அண்ணன் தினமும் கூவுகிறானே' என்று சொன்னாளாம்."

இடும்பன் இருபது வருஷமாகக் கூவுகிறான். அதை யாராவது நம்பித் தொலைப்பார்கள் என்று ஒருநாளும் அவனுக்குத் தோன்றியதில்லை.

"தளவாய் என்ன சொல்கிறார்?"

"'நம் மண்ணில் கால் வைத்தால்தானே நமக்குக் கடமை? கால் வைக்கவே விடாவிட்டால் பாவமும் இல்லை' என்கிறார். மன்னரும் நேற்றுத் தலையாட்டிவிட்டார்."

கூத்தபிரான் எழுத்தாணியை எடுத்தார். "எங்கே, உன் முப்பத்திரண்டையும் சொல்."

இடும்பன் சொன்னான். புலவர் ஓலையில் எழுதினார், எழுதினார், பிறகு கீறினார், கீறினார், கீறிக்கொண்டே போனார். முப்பத்திரண்டும் போன பிறகு அடியில் புதிதாக ஒரே ஒரு வரி எழுதி நீட்டினார்; இடும்பன் அதை எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"ஐயா, இதைக் கூவினால் என் தலை போய்விடும்!"

"தலை போனால் தொண்டையும் கூடவே போய்விடும். அப்புறம் உன்னைக் கூவச் சொல்லி யார் தொந்தரவு செய்யப்போகிறார்கள்? நட!"

சபை கூடியது. மன்னர் வாசற்படியில் மார்பை நிமிர்த்தினார். இடும்பன் தடியைத் தட்டினான். கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"பராக்! பராக்! பெரிய மீசை வைத்திருப்பவர் வருகிறார், பராக்!"

அவ்வளவுதான். அப்போதுதான் தூங்கத் தொடங்கியிருந்த தளவாய் தடுமாறித் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"இடும்பா," என்றார் மன்னர் மெதுவாக, "என் முப்பத்திரண்டு பட்டங்களும் எங்கே?"

இடும்பனின் விரல் தானாகவே கூத்தபிரானைக் காட்டியது.

"நான்தான் அடித்துவிட்டேன், மகாராஜா. நேற்றைய உத்தரவுக்குப் பிறகு அவை பொருந்தவில்லை. 'கருமணியாற்றின் இரு கரையும் ஆளும் காவலர்' என்று ஒரு பட்டம். இரு கரையும் உங்களுடையதென்றால் நடுவில் கிடக்கும் திட்டு யாருடையது? அது நம் மண்ணே இல்லை என்கிறார் தளவாய். அடித்தேன். 'நெடுங்கரை கொண்ட வேந்தர்.' வென்று கொண்டது உண்மையானால் அந்த ஜனங்கள் உங்கள் குடிகள். தளவாயோ அவர்கள் அன்னியர் என்கிறார். அதையும் அடித்தேன். 'எட்டுத் திசைக்கும் நிழல்தரும் வெண்குடையோர்.' குடை ஆற்றோரத்தோடு நின்றுவிட்டது. 'அபயமென்றாரை அஞ்சேல் என்பவர்'..."

"போதும், போதும்!"

"மீசை மட்டும் எப்படிப் பார்த்தாலும் இருக்கிறது, மகாராஜா. அதனால் அதை மட்டும் எழுதிக் கொடுத்தேன்."

மன்னரின் கை தன்னையறியாமல் மீசையைத் தொட்டுப் பார்த்தது.

தளவாய் முன்னால் வந்தார். "இதிலென்ன சிக்கல், மகாராஜா? சின்னத் திருத்தம் போதும். 'இரு கரையில் ஒரு கரையை ஆளும் காவலர்'..."

"'எட்டுத் திசையில் மூன்றரைத் திசைக்கு நிழல்தரும்'..." என்று எடுத்துக் கொடுத்தார் கூத்தபிரான். "'அபயமென்றார்க்கு நீந்தத் தெரிந்தால் காக்கும்'..."

சபை குலுங்கிச் சிரித்தது. இடும்பன் மட்டும் சிரிக்கவில்லை.

"என் தங்கைக்கு நீந்தத் தெரியாது, மகாராஜா," என்றான். இருபது வருஷத்தில் அந்தச் சபையில் அவன் கூவாமல் பேசியது அதுதான் முதல் தடவை.

சிரிப்பு அடங்கியது.

"உன் தங்கையா? அவள் எதற்கு அங்கே வந்தாள்?"

"நான் கூவியதை நம்பி வந்துவிட்டாள்."

 "நம்பினாளா?" என்றார் மன்னர், சின்னக் குரலில். "எல்லாவற்றையுமா?"

"மீசையைத் தவிர எல்லாவற்றையும். அது பட்டத்தில் இல்லையே, அதனால் அவளுக்குத் தெரியாது."

தளவாய் பதறினார். "மகாராஜா, அவர்களை நம் குடிகள் என்று ஏற்றால் நெடுங்கரையான் கோபப்படுவான்!"

"எப்படிக் கோபப்படுவான்?" என்றார் கூத்தபிரான். "அவனுடைய கட்டியக்காரனும் 'செம்பாறை கொண்டவர்' என்றுதான் தினமும் கூவுகிறான். கூவட்டும், தளவாய். நாளைக்கு நாம் தெப்பம் கட்டி அக்கரைக்கு ஓட வேண்டி வந்தால், நாங்களும் உன் குடிகள்தான் என்று சொல்லிக்கொள்ள உதவும்."

தொந்தியும் தலைப்பாகையுமாகத் தளவாய் தெப்பத்தில் ஆடிக்கொண்டு போவதை மன்னர் மனக்கண்ணில் பார்த்தார். முதலில் மீசை நடுங்கியது. பிறகு வயிறு குலுங்கியது. சிரித்துக்கொண்டே கத்தினார்: "அவிழுங்கள் எல்லாப் படகுகளையும்! என் அன்னப்படகும் போகட்டும். செங்கோடரே, முதல் படகில் நீரே போய், ஒவ்வொருவரையும் கைகொடுத்து ஏற்றிவாரும்!"

பொழுது சாய்ந்தபோது திட்டு இருந்த இடத்தில் தண்ணீர்தான் ஓடியது. பதினான்கு குடும்பங்களும் இக்கரையில் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தன. பேச்சியம்மை படகிலிருந்து இறங்கியதும் மன்னரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"ஏண்ணே," என்றாள் இடும்பனிடம், "இம்மாம்பெரிய மீசையைப் பற்றி நீ சொல்லவேயில்லையே!"

மன்னர் பூரித்துப்போனார். "கூத்தபிரானே, உமக்கும் ஒரு பட்டம் தருகிறேன். 'எவருக்கும் அஞ்சாதவர்.' நாளையிலிருந்து இடும்பன் உமக்கும் கூவுவான்!"

புலவர் இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினார்.

"ஐயோ, வேண்டாம் மகாராஜா! அப்புறம் நான் அதன்படி நடக்க வேண்டியிருக்கும்."