மினுக்கியின் கட்டி

ஆப்பிரிக்க ஏரிகளில் இறங்குபவர்களின் தோலைத் துளைத்து உள்ளே போகிற புழு ஒன்று உண்டு. சிறுநீர்ப்பையருகே ரத்தக்குழாயில் தங்கி, வருடக்கணக்கில் முட்டையிடும். அப்படிப்பட்டவர்களுக்கு மூத்திரத்தில் ரத்தம் வரும். சிலருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டியும் வரும். கட்டிக்குக் காரணம் புழுதானா? அதை அறிய, நம்மூர் ஆய்வுக்கூடம் ஒன்றில் குரங்குகளுக்கு அந்தப் புழுவை ஏற்றியிருந்தார்கள். ஆய்வின் தலைவர் விருபாட்சன். குரங்குகளுக்கு வைத்தியம் பார்ப்பவர் யூசுப். அவற்றின் மூத்திரத்தை நுண்ணோக்கியில் வைத்துப் புழுவின் முட்டை தேடுபவள் ஜெசிந்தா.

மினுக்கி என்ற பெண்குரங்குக்குக் கட்டி வந்தது. மூத்திரம் போகும்போதெல்லாம் கூண்டுக்கம்பியைப் பிடித்துக்கொண்டு முனகியது. புழுவைக் கொல்லும் மருந்து கொடுக்க யூசுப் அனுமதி கேட்டார்.

“ஆய்வு முடியட்டும்,” என்றார் விருபாட்சன். “இப்ப குடுத்தா இதுவரைக்கும் அது பட்ட பாடெல்லாம் வீணாப்போயிடும்.”

பிறகுதான் அந்த விசித்திரம். கட்டி சுருங்கிச் சுருங்கி, தேடினாலும் தெரியாமல் போனது. விருபாட்சனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

“தானாவே கரையுது, ஜெசிந்தா! மருந்தே தேவையில்லன்னு எழுதப்போறேன்.”

அவளுக்கு உறுத்தியது. கட்டி சுருங்கும் முன்பே முட்டைகள் நின்றுவிட்டிருந்தன. மற்ற குரங்குகளில் புழு சுகமாக இருக்க, இதில் மட்டும் எப்படிச் செத்தது? யூசுப்பிடம் போய் நின்றாள்.

“டாக்டர், மினுக்கிக்கு என்ன குடுத்தீங்க?”

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். “வாழைப்பழத்துல மருந்தை வச்சுக் குடுத்தேன்மா. அது முனகுறதைக் கேட்டுக்கிட்டு இருக்க முடியல. வெளிய சொல்லிடாத. இந்த வயசுல எங்க போய் வேலை கேப்பேன்?”

மறுநாள் விருபாட்சனிடம் சொல்லிவிட்டாள். யூசுப்பின் வேலை போயிற்று.

விதியை மீறி வலியைத் தீர்த்தவர் ஒருவர். ஆய்வைக் காக்க வலியைப் பொறுக்கச் சொன்னவர் ஒருவர். நம்பி வாய்திறந்தவரைக் காட்டிக்கொடுத்தவள் ஒருத்தி. சொல்லுங்கள், இதில் யார் செய்தது சரி?

விடை: ஜெசிந்தா செய்ததே சரி. கட்டி தானாகக் கரையும் என்று அச்சேறியிருந்தால், ரத்தம் போகிறவர்களை மருந்தில்லாமல் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். யூசுப்பின் இரக்கத்தில் பிழையில்லை, மறைத்ததில்தான் பிழை. விருபாட்சன் பிறகு இன்னொரு குரங்குக்கு எல்லோரும் அறிய மருந்து கொடுத்துப் பார்த்தார். அதன் கட்டியும் சுருங்கியது. ஆய்வுக் கட்டுரையில் யூசுப்பின் பெயரையும் சேர்த்தார். வேலை மட்டும் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.