மாவுக்கட்டில் எழுதியது

உமையாளம்மைக்கு வயது நாற்பத்திரண்டு. அவருடைய சீடர் கொம்பையாவுக்கு அறுபத்தெட்டு. வயதைப் பார்த்து குருவைத் தேடுகிற ஆள் இல்லை கொம்பையா. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். யார் வழி சொன்னாலும் காது கொடுத்துக் கேட்பார்.

அன்றைக்கு அம்மையின் மடத்துக்கு இடது கையில் மாவுக்கட்டோடு வந்தார். முகமும் சரியில்லை.

“தாயே, எனக்குக் காவி கொடுத்துருங்க. மக மேல உள்ள பாசத்தை அறுத்துட்டாத்தான் எனக்கு நிம்மதி.”

மகள் மாரிச்செல்வி நார்வேக்குப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அங்கே நர்ஸ் வேலை.

“ஞாயித்துக்கிழமை தவறாம வீடியோவுல கூப்பிடுதா. ‘நல்லா இருக்கியாப்பா?’ ‘நல்லா இருக்கேம்மா, நீ?’ ‘நல்லா இருக்கேம்ப்பா.’ அவ்வளவுதான் தாயே! அதுக்கு மேல பேச ஒண்ணும் இல்ல. என் பிள்ளை எனக்கு யாரோ ஆயிட்டா.”

அம்மை மாவுக்கட்டைப் பார்த்தார். “கையில என்ன?”

“பாத்ரூம்ல வழுக்கிட்டு. மூணு வாரம் ஆச்சு.”

“மகளுக்குத் தெரியுமா?”

“நல்லா கேட்டீங்க! கண்காணாத தேசத்துல கிடக்கிற பிள்ளைகிட்ட இதையெல்லாம் சொல்லுவாங்களா? பதறிப்போயிருவாள்லா? கையை மேசைக்குக் கீழ வச்சுக்கிட்டுத்தான் பேசுதேன்.”

சொல்லும்போது கொஞ்சம் பெருமை வேறு!

அம்மை எழுந்து அடுக்களைக்குப் போய் ஒரு கரித்துண்டோடு வந்தார். மாவுக்கட்டின் மேல் கொட்டை எழுத்தில் ‘நல்லா இருக்கேன்’ என்று எழுதினார்.

“இந்த ஞாயித்துக்கிழமை இதைக் காட்டிக்கிட்டே இதைச் சொல்லுங்க. காவியை அப்புறம் பார்ப்போம்.”

திங்கட்கிழமை காலையில், செருப்பைக் கழற்றக்கூட மறந்து கொம்பையா ஓடி வந்தார்.

“தாயே! நேத்து என் மக வந்திருந்தா!”

“நார்வேயில இருந்தா?”

“நார்வேயில இருந்துதான்! ஒண்ணேகால் மணி நேரம் என்னைக் கிழிகிழின்னு கிழிச்சுட்டா! ‘ஊருக்கெல்லாம் கட்டுப் போடுதவ நான், எங்கிட்டயே மறைப்பியா, உனக்கு அறிவிருக்கா?’ன்னு ஒரே சத்தம். பிறவுதான் விஷயம் வெளிய வருது. அவளுக்கும் போன மாசம் குடல்வால் ஆபரேஷன். மூச்சு விடலையே கழுதை! நானும் சும்மா விடல, கொடுத்தேன் பாருங்க! பேச்சு நிக்கவே இல்ல தாயே. கடைசியில அவ போன்ல சார்ஜ் தீந்துட்டு!”

திட்டு வாங்கிவிட்டு இப்படிப் பூரித்துப்போன மனுஷரை அந்த மடம் அதுவரை கண்டதில்லை. சந்தோஷத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது.

பிறகு குரல் கொஞ்சம் தாழ்ந்தது.

“ஆனா, பிள்ளை தேம்பித் தேம்பி அழுதுட்டா. இத்தனை நாள் ஒரு கவலையும் அண்டாம வச்சிருந்தேன். நானே அழ வச்சிட்டேனே?”

“ஒன்பது வருஷமா அவளை வாசல்லயே நிக்க வச்சுப் பேசி அனுப்புனீங்க, ஐயா. நேத்துதான் வீட்டுக்குள்ள விட்டிருக்கீங்க.”